என் வீட்டு எண்

குவயாமா அரசு உயர்நிலைப் பள்ளி,
போர்ட்டோ ரிக்கோ. அலுவலக அறையில்
ஓடாத மின்விசிறிக்கு நேர் கீழே என் மேசை.
ஆண்டுக்கு ஒருமுறை அந்தப் பட்டியலை
நான்தான் தட்டச்சு செய்யவேண்டும்:
பெயர், முகவரி, தொலைபேசி.
சட்டம் அப்படி. பட்டாளம் கேட்டால்
பள்ளிக்கூடம் கொடுத்தாக வேண்டும்.

கொடுக்காமலிருக்கவும் ஒரு தாள் உண்டு.
ஆசிரியை அவில்டா அதை நகலெடுத்து
வாசலில், மண்டை பிளக்கும் வெயிலில்,
தாய்மார் கையில் திணித்துக்கொண்டிருந்தாள்.
"ஒரு கையெழுத்து போதும்,
உங்கள் பிள்ளை பெயர் போகாது."
முந்நூற்றுப் பன்னிரண்டு போயிற்று.
நாற்பத்தொன்று திரும்பியது.
ஒன்றில் காப்பிக் கறை.
ஒன்றில் கையெழுத்துக்கான கோட்டின் மேல்
யாரோ கடைக்கணக்கு எழுதியிருந்தார்கள்:
அரிசி, சலவைத்தூள், பாட்டரி இரண்டு.
அதையும் கையெழுத்தாகவே எடுத்துக்கொண்டேன்.

மிச்சமிருந்தவர்களில் பதினொரு பேருக்கு
என் வீட்டு எண்ணைப் போட்டேன்.
ஏன் பதினொன்று என்று கேட்காதீர்கள்.
அதற்குமேல் விரல் நடுங்கியது.

வெள்ளிக்கிழமைகளில் சார்ஜெண்ட் ஓட்டேரோ வருவார்.
உணவுக்கூடத்தின் பக்கம் இரும்புக் கம்பி நட்டு
பத்துமுறை எம்பினால் தண்ணீர்ப் புட்டி,
இருபதுக்கு பனியன்.
கெட்டவர் இல்லை. எங்கள் ஊர்ப் பேச்சு.
மூடிப்போன மாத்திரைத் தொழிற்சாலையில்தான்
அவர் அப்பாவும் வேலை பார்த்தார்.
கல்லூரி என்பார், ஜெர்மனி என்பார்,
பல் வைத்தியம் இலவசம் என்பார்.
வீங்கிய கன்னத்தோடு
கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கு
அது சின்ன வார்த்தை இல்லை.

மாலை ஆறரைக்கு மணி அடிக்கும்.
"நெஃப்தாலி இருக்கிறானா, அம்மா?"
குளிக்கிறான்.
"யாரெலிஸ்?"
இப்போதுதான் குளிக்கப் போனாள்.
"வில்னெல்லியா?"
குளிக்கிறாள்.
கல்யாணமே ஆகாதவள் நான்,
ஒரே மழைக்காலத்தில் பதினொன்று பெற்று
ஒரே குளியலறையில் அடைத்துவைத்தேன்.

நவம்பர் கடைசியில் ஒருநாள்
அவர் யாரையும் கேட்கவில்லை.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"தண்ணீர்ப் பில் எகிறியிருக்குமே உங்களுக்கு," என்றார்.
நான் வாய் திறக்கவில்லை.
"இந்த மாதம் இன்னும் இரண்டு பேர் சேர்க்கவேண்டும் நான்."
பிறகு, வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல்:
"ரேமுந்தோ ஓட்டேரோ இருக்கிறானா?
பதினெட்டு வயதுப் பையன்."

குளிக்கிறான், என்றேன்.

வைத்துவிட்டார்.
தலைமை ஆசிரியரிடம் சொல்லவுமில்லை.

பதினொருவரில் ஒருவன் ஜோவாதியேல்.
மாமா வீட்டு ஹாலில் படுக்கை,
அங்கே போன் இணைப்பு வெட்டி ஏழு மாதம்.
அவனை எண்ணுக்குள் ஒளித்துவைத்தேன்,
அவன் பேருந்து ஏறி நேரே போய்விட்டான்,
பதினெட்டு முடிந்த மறுநாள்.
மதிப்பெண் நகல் கேட்டு என் மேசைக்கு வந்தான்.
இயற்பியலில் எழுபத்தொன்று.
ஒரு பிழையும் இல்லாமல் அடித்தேன்.
கூடவே அவில்டாவின் இன்னொரு தாளையும் வைத்தேன்:
கையெழுத்துப் போட்ட பிறகும்
புறப்படும் நாள்வரை மனம் மாறலாம், என்று இருந்தது அதில்.
நின்றபடியே படித்தான், உதடு அசைய, முழுவதும்.
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.
"மிஸ், ஒரு உதவி,
அவசரமென்றால் கூப்பிட ஒரு எண் கேட்கிறார்கள்.
உங்களுடையதைக் கொடுக்கட்டுமா?"

சொன்னேன்.
உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.
ஜூலையில் புறப்பட்டான், தாளோடு போனானா தெரியாது.

இப்போதும் ஆறரைக்கு அடிக்கிறது.
முன்பெல்லாம் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.